ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹீத்ரோவுக்குப் பொட்டியோடு ரயிலில் போகலாமா?

அவினாசித் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "லண்டன் வந்து நாலு மாசம் ஆச்சுங்கண்ணா, ஈஸ்ட்ஹாமில் ரூம். பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், ரெண்டு பெரிய பொட்டி. டாக்ஸிக்குச் சொல்ற காசைக் கேட்டா தலை சுத்துது. ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போயிர முடியுங்களா?"

தாராளமாகப் போகலாம் தம்பி. நான் பதினாறு வருஷமாக அப்படித்தான் போய்வருகிறேன். இப்போது கோபியில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், போன வாரம் வந்ததும் அதே வழிதான்.

போன் காட்டுகிற நிமிஷக் கணக்கை நம்பாதீர்கள், எத்தனை படி என்று பாருங்கள். உங்கள் கையில் நாற்பத்தாறு கிலோ இருப்பது போனுக்குத் தெரியாது, பத்து நிமிஷம் மிச்சம் என்று நடு லண்டனில் எங்காவது மாறச் சொல்லும், அங்கே பொட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போதுதான் சித்தி வீட்டுக்கு வாங்கிய சாக்லேட்டின் எடை தெரியும்.

ஈஸ்ட்ஹாமில் ட்யூபில், அதாவது லண்டன் பாதாள ரயிலில், டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறுங்கள். போர்டில் ஈலிங் பிராட்வே அல்லது ரிச்மண்ட் என்று இருக்க வேண்டும். விம்பிள்டன் என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அது ஏர்ல்ஸ் கோர்ட்டில் வேறு பக்கம் பிரிந்துவிடும். ஹாமர்ஸ்மித்தில் இறங்கினால் அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்துக்குப் பிக்கடில்லி லைன் வரும். படி கிடையாது, லிஃப்ட் தேட வேண்டாம், நாலு எட்டு உருட்டினால் போதும். மொத்தம் ஒன்றரை மணி நேரம், 6 பவுண்டுக்குப் பக்கத்தில் ஆகும். ஏறும்போது ஸ்டேஷன் வாசலில் கட்டணத்துக்குத் தட்டிய அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். காலையில் ஆபீஸ் கூட்டம் இருக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கதவோரம் பொட்டியை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சாரி சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஹாமர்ஸ்மித்தில்தான் ஒரு சங்கதி. பிளைட் டிக்கெட்டில் டெர்மினல் நம்பரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒன்றாம் டெர்மினல் இப்போது கிடையாது, 2015-இல் மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே ஸ்டேஷன். பிக்கடில்லி ரயிலில் சிலது நாலாவதுக்குப் போகும், சிலது ஐந்தாவதுக்கு. நான் வந்த இரண்டாம் வருஷம் ஐந்துக்குப் போக வேண்டியவன் போர்டைப் பார்க்காமல் நாலாவது டெர்மினல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது அங்கே கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது பாருங்கள், அந்த எட்டு நிமிஷமும் எனக்கு எட்டு மணி நேரம். அப்புறம் அதே வண்டி சுற்றிக்கொண்டு இரண்டு-மூன்று ஸ்டேஷனுக்கு வந்ததும் இறங்கி, வேறு வண்டி பிடித்து, பொட்டி போடுகிற கவுண்டரில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். பிளைட் கிடைத்தது, அதனால் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன்.

கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை என்றால் எலிசபெத் லைன் இருக்கிறது. 2022-இல் திறந்தது, வண்டி அகலம், ஏசி உண்டு. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒயிட்சாப்பல் வரைக்கும் போய் அங்கே லிஃப்ட்டில் மாறிக்கொள்ளலாம். நேராக ஹீத்ரோ போகும் வண்டியாகப் பார்த்து ஏறினால் அங்கிருந்து முக்கால் மணிதான், ஆனால் கட்டணம் ட்யூபைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. பேடிங்டனிலிருந்து ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிஷம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டி எடுக்காவிட்டால் 25 பவுண்டு பக்கம் வரும், நீங்கள் பேடிங்டன் போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். அது கம்பெனிக் காசில் போகிறவர்களுக்கு.

பிளைட் விடிகாலையில் என்றால் கதை வேறு. சாதாரண நாளில் ட்யூப் காலை ஐந்து மணிவாக்கில்தான் ஓட ஆரம்பிக்கும். வெள்ளி, சனி ராத்திரிகளில் மட்டும் பிக்கடில்லி விடிய விடிய ஓடும், அதுவும் நாலாவது டெர்மினலுக்குப் போகாது. மற்ற ராத்திரிகளுக்கு நடு லண்டனில் இருக்கும் ஆல்ட்விச்சிலிருந்து ஹீத்ரோவுக்கு என்9 பஸ் உண்டு, இரண்டு பவுண்டுகூட ஆகாது. பொட்டி ஒன்றுதான் என்றால் அதுவே போதும், இரண்டென்றால் யாராவது நண்பரைக் கெஞ்சிக் காரில் போய்விடுங்கள்.

முதல் நாள் ராத்திரி ஒருமுறை ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறு என்றால் கட்டாயம். தண்டவாள வேலை என்று சொல்லி லைனையே நிறுத்திவைப்பார்கள்.

இந்தப் பக்கம் கவலை இல்லை. பீளமேட்டில், நம்ம கோவை ஏர்போர்ட்டில் இறங்கினால் சித்ரா ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டருக்குள்தான், அங்கே நின்றால் அவினாசி பஸ் வரும். ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது. அப்பா, அப்பாரு, மாமா, பக்கத்து வீட்டுப் பையன் என்று எல்லோரும் ஒரே காரில் ஏறி வந்து நிற்பார்கள், பொட்டி வைக்கத்தான் இடம் இருக்காது.