“எங்களுக்கும்தான் பங்கு தந்தவை”: ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா,

சனிக்கிழமை நீங்கள் மகளோடு வெள்ளவத்தையில் என்னைச் சந்தித்து ஆலோசனை கேட்டுவிட்டுப் போன பிறகு மனதுக்குள் ஓர் உறுத்தல். வெளியே வேறு ஆட்கள் காத்திருந்தபடியால் நான் கெதியாகக் கதைத்து அனுப்பிவிட்டேன். வங்கி வேலையா, அமெரிக்கக் கம்பனி வேலையா, அங்கே மகளுக்குப் பங்கு கிடைக்குமா என்று நீங்கள் கேட்டதோ ஆறுதலாக இருந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதனால் எழுதுகிறேன். மகளும் வாசிக்கட்டும்.

உங்கள் ஃபைலில் இரண்டு கடிதங்கள் இருந்தன. மேலே வங்கியின் நியமனக் கடிதம், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள். அடியில், நாலாக மடித்த மடிப்போடு, அந்த அமெரிக்க அபிவிருத்திக் கம்பனியின் கடிதம். நிதி மற்றும் மானியப் பிரிவில் வேலை, முதலில் இரண்டு வருட ஒப்பந்தம். “ஊழியர்களுக்கே சொந்தமான கம்பனி மிஸ், ஒருநாளைக்கு நான் இப்படி ஒன்றைத் தலைமை தாங்கி நடத்த வேணும்” என்றாள் பிள்ளை. நீங்கள் சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: “எங்களுக்கும்தான் பஸ் டிப்போவில பங்கு தந்தவை. அதனால நான் முதலாளியாகினேனா?”

அந்தச் சிரிப்புக்குள் இருந்த கேள்விக்குத்தான் வருகிறேன். அதற்கு முன் ஒன்று. நீங்கள் அதை மூன்று தடவை ‘என்ஜிஓ’ என்றீர்கள், பிள்ளை மூன்று தடவையும் முகத்தைச் சுளித்தாள். இலாபம் பார்க்கிற கம்பனிதான் ஐயா அது. ஒரு வெளிநாட்டு அரசு உதவி கொடுக்க முடிவெடுத்தால், அதன் அதிகாரிகளே வந்து கிளிநொச்சியில் விவசாயிக்கு வகுப்பு நடத்தப்போவதில்லை. கேள்விமனு (டெண்டர்) கோருவார்கள், கம்பனிகள் போட்டி போடும். வென்ற கம்பனி கொழும்பு 5இலோ 7இலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறக்கும், ஆட்களை எடுக்கும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ போனதும் மேசை கதிரை வரை பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டு மூடிக்கொண்டு போகும். இந்தத் தொழிலில் பெயர் எடுத்தவை என்றால் 1965இல் தொடங்கிய அப்ட், 1970இல் தொடங்கிய டிஏஐ, 1975இல் தொடங்கிய கெமோனிக்ஸ். மூன்றுமே தங்களை ஊழியர் உடைமைக் கம்பனிகள் என்று சொல்லிக்கொள்பவை.

சரி, அங்கே ஊழியர் எப்படி உடைமையாளர் ஆகிறார்? பெரும்பாலும் ஒரே வழிதான். லூயிஸ் கெல்சோ என்ற அமெரிக்கச் சட்டத்தரணி 1956இல் ஒரு பத்திரிகைக் கம்பனிக்காக முதலில் அமைத்துக் கொடுத்த முறை அது. 1974ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் அதற்கு முறையான இடம் கொடுத்தது. பங்குகள் ஊழியரின் கைக்கு வருவதில்லை. ஊழியர்களுக்காக ஒரு நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) அவற்றை வைத்திருக்கும், ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள கணக்கில் வருடா வருடம் கொஞ்சம் சேரும். சந்தையில் விற்கிற பங்கு அல்ல என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை வெளியார் ஒருவர் விலை மதிப்பார். சில வருடம் நின்று வேலை செய்தால்தான் சேர்ந்தது முழுக்க உங்களுடையது. நீங்கள் விலகும்போதோ ஓய்வு பெறும்போதோ கம்பனி அந்தப் பங்கைத் திருப்பி வாங்கிக் காசு தர வேண்டும். எங்கள் சேமலாப நிதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்ட காசு முழுவதும் ஒரே கம்பனியின் பங்கில் கிடக்கிற சேமலாப நிதி.

உங்கள் டிப்போக் கதைக்கும் இதற்கும் சொந்தம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ‘மக்கள்மயப்படுத்தல்’ என்று சொல்லி டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக்கி ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். பிறகு அவற்றைச் சேர்த்தார்கள், 2005இல் ஒரு சட்டத்தோடு எல்லாம் மறுபடி இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) ஆனது. பங்கு உங்களிடம் இருந்த காலத்திலும் பஸ் கட்டணத்தை நீங்கள் தீர்மானிக்கவில்லைதானே. அங்கேயும் அப்படித்தான். கூட்டுறவுச் சங்கமென்றால் ஆளுக்கொரு வாக்கு, பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். இந்த முறையில் ஊழியர் வாக்குப் போட்டுத் தலைவரைத் தெரிவு செய்வதில்லை. நம்பிக்கைப் பொறுப்பாளர் பணிப்பாளர் சபையைத் தெரிவு செய்வார், சபை தலைமை நிர்வாகியை நியமிக்கும். கம்பனியின் சொத்துகளை முழுதாக விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, கலைப்பது போன்ற பெரிய விடயங்களில்தான் ஊழியரின் வாக்கைக் கட்டாயம் கேட்க வேண்டும். பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும். ‘எல்லோரும் முதலாளி’ என்று சுவரில் ஒட்டியிருப்பதை நம்பிப் போனால் மூன்றாம் மாதமே மனம் விட்டுப்போகும்.

அப்படியென்றால் தலைமைக்கு அங்கே என்ன வேலை? கேள்விமனுவை வெல்ல வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அது எந்தக் கம்பனிக்கும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. இருபது வருடம் வேலை செய்த ஒரு மூத்தவர் ஓய்வு பெறுகிறார், அவருடைய பங்கைக் கம்பனி வாங்க வேண்டும். அதற்கு இன்றைக்கே காசு ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அடுத்த வருடம் அப்படிப் பத்துப் பேர் போகலாம். ஒரு பெரிய கேள்விமனு தவறினால் பங்கு விலை இறங்கும். அப்போது பாதிக்கப்படுவது எங்கேயோ இருக்கிற பணக்காரன் இல்லை, கன்டீனில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற ஆளின் ஓய்வுகாலக் காசு.

இதன் முழுப் பாரம் 2025இல் தெரிந்தது. ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச் 10ஆம் திகதி, அந்த உதவியைக் கொடுத்துவந்த அமெரிக்க அரச நிறுவனமான யூஎஸ்எயிட்டின் திட்டங்களில் 83 சதவீதம் இரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1ஆம் திகதியோடு, 1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் உதவிப் பணியே முடிந்தது. இந்தத் தொழிலில் கம்பனி முதலில் தன் காசில் சம்பளமும் வாடகையும் கொடுத்துவிட்டு, பிறகுதான் பில் அனுப்பும். ஆகவே செய்து முடித்த வேலைக்கான பில்கள்கூடத் தொங்கிக்கொண்டு நின்றன. டிஏஐயும் கெமோனிக்ஸும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து தங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் மேலேயே வழக்குப் போட்டன. மார்ச் 5ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், முடிந்த வேலைகளுக்குக் கிட்டத்தட்ட 200 கோடி டொலர் கொடுக்கச் சொன்ன கீழ் நீதிமன்றக் கட்டளையைத் தடுக்க மறுத்தது. அதற்கிடையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியும் வந்தது. யோசித்துப் பாருங்கள், வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரும் கம்பனிக்கு உடைமையாளர். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற தலைவருக்கு அன்றிரவு எப்படி நித்திரை வந்திருக்கும்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஊழியர் உடைமை நல்ல விடயம். ஆனால் அது வேலையைக் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் பால் ஊற்றுகிற பால்காரனுக்கு, அந்த வீட்டார் இடம்பெயர்ந்து போனால் மாடு யாருடையது என்பதால் என்ன பிரயோசனம்? இந்தக் கம்பனிகளின் தலைமையை நான் ஒன்றை வைத்துத்தான் அளப்பேன். நல்ல காலத்திலேயே இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடினார்களா? மகளின் கடிதத்தில் எனக்குப் பிடித்ததும் அதுதான். கம்பனி அமெரிக்காவினுடையது, திட்டத்தின் காசு ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. நீங்கள் அந்த வரியைத் தாண்டிச் சம்பளத்துக்குப் போய்விட்டீர்கள்.

இனி உங்கள் கேள்வி. மகளுக்குப் பங்கு கிடைக்குமா? அநேகமாக இல்லை. அமெரிக்காவில் வருமானம் இல்லாத வெளிநாட்டு ஊழியர்களை அந்தத் திட்டத்துக்கு வெளியே வைக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொழும்பு அலுவலகத்தில் உள்ளூர் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் வழக்கமாக அந்த வேலிக்கு வெளியேதான். எனக்கு இது பட்டுத் தெளிந்த பாடம். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் இப்படியொரு கம்பனியின் திட்டத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வாசலிலேயே ‘இது எங்கள் கம்பனி’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெரிய சுவரொட்டி. ஒரு வருடம் முடிந்ததும் என் பங்குக் கணக்கு எங்கே என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: இலங்கை ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது, ஒன்பதாம் பந்தியில். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

ஆகவே பிள்ளை பங்கை மறந்துவிட்டு இங்குள்ள சட்டப்படி கிடைப்பதைக் கணக்குப் பார்க்கட்டும். சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து 8 சதவீதம், கம்பனியிடமிருந்து 12. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கம்பனி 3. இவை ஒப்பந்த வேலைக்கும் உண்டு. ‘ஆலோசகர்’ என்று பெயர் போட்டு அதை வெட்டப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சொல் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணிக்கொடைதான் பிரச்சினை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடிந்தால்தான் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வரும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் அது இல்லை. அந்த இழப்புக்கும் சேர்த்துச் சம்பளத்தைக் கதைத்துக் கூட்டலாம். முதல் தொகைக்கே தலையாட்டுவதுதான் எங்கள் பிள்ளைகளின் பழக்கம்.

தலைமைக்கு எப்படிப் போவது என்று பிள்ளை கேட்டாள். ‘தலைமைத்துவ டிப்ளோமா’ என்று ஒரு துண்டுப்பிரசுரத்தையும் காட்டினாள். அந்தக் காசுக்கு அவள் சிங்களம் எழுதப் பழகட்டும். கதைக்கிறாள், எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள். பிரதேச செயலகத்துக்குப் போகிற கடிதத்தை இன்னொருவர் எழுதித் தந்தால்தான் முடியும் என்றால் திட்டத் தலைவராக வர முடியாது. ‘சீஃப் ஒஃப் பார்ட்டி’ என்பார்கள் அந்தப் பதவியை. பெயரைக் கேட்டுக் கட்சி அரசியல் என்று பயந்துவிடாதீர்கள், அமெரிக்கக்காரர் திட்டத் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள். முன்பு அந்தக் கதிரை வெளிநாட்டவருக்கே என்று இருந்தது, இப்போது உள்ளூர் ஆட்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் பலர் கணக்கிலோ பெறுகையிலோ மானியப் பிரிவிலோ தொடங்கியவர்கள். மட்டக்களப்பில் எங்கள் தலைவர் ஒரு முழுக் காலையை ஒரு டீசல் பற்றுச்சீட்டோடு கழித்தார். வாகனத்தின் தாங்கி 60 லீற்றர், பற்றுச்சீட்டில் 74. சாரதியை ஏசவில்லை, எரிபொருள் நிலையத்துக்குத் தானே போய்ப் பழைய புத்தகத்தைப் புரட்டினார். கணக்காய்வில் அந்தத் தொகை நிராகரிக்கப்பட்டால் கம்பனியின் கைக்காசிலிருந்துதான் போகும். பங்குக்காரரின் காசு என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொன்றையும் பிள்ளை கேட்டு வாங்க வேண்டும்: கேள்விமனு எழுதுகிற வேலையில் ஓர் இடம். கோடைகாலத்தில் வாஷிங்டனில் பிற்பகல் 2 மணிக்கு முடிவு நேரம் என்றால் எங்களுக்கு இரவு 11.30. ஆறிப்போன கொத்து ரொட்டிப் பார்சல், ஐந்து பேர், இன்னும் இரண்டு மாவட்டங்களுக்குச் செலவு போடவில்லை. ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்வார். இன்னொருவர், குறைத்தால் முல்லைத்தீவுக்கு ஆள் போட முடியாது என்பார். யாரோ ஒருவர் ‘இந்தத் தடவை போட்டியிடவே வேண்டாம், விட்டுவிடுவோம்’ என்று சொல்லத் துணிவார். அப்படிச் சொல்கிற ஆளைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள் மகளிடம்.

நீங்கள் வெளியே சொல்லாததும் எனக்கு விளங்கியது. கலியாணப் பேச்சில் ‘வங்கியில் நிரந்தரம்’ என்று சொல்ல வசதி. பிள்ளைக்கு வயது 26, வங்கிக் கதவு இரண்டு வருடத்தில் அடைபட்டுவிடாது. ஒரு திட்டத்தின் கணக்கைத் தனியே பார்த்து, கணக்காய்வையும் கடந்து வந்தவளை எந்த வங்கியும் நேர்முகத்துக்கு அழைக்கும். மற்றப் பக்கம் போவதுதான் கஷ்டம். பத்து வருடம் வங்கியில் இருந்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர்களைப் பெரும்பாலும் அடியிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். ஆனபடியால் நான் இரண்டாவது கடிதத்தின் பக்கம்தான் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்தத் திட்டம் இப்போது எத்தனையாவது வருடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதல் வருடம் என்றால் போகட்டும். கடைசி வருடத்தில் யாரோ விட்டுப்போன இடத்துக்கு எடுக்கிறார்கள் என்றால், நீங்கள் சொன்னபடி வங்கி.

வங்கிக்குப் பதில் சொல்ல 15ஆம் திகதி வரை நேரம் இருக்கிறது. திட்டம் எந்த வருடத்தில் நிற்கிறது, ஒப்பந்தத்தை நீடிக்க இடம் உண்டா, உள்ளூர் ஊழியர்களுக்குப் பங்குக்குப் பதிலாக ஏதும் உண்டா என்று கேட்டுப் பிள்ளை இன்றைக்கே அந்தக் கம்பனிக்கு மின்னஞ்சல் போடட்டும். பதில் வந்ததும் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அமெரிக்கக் கடிதத்தையும் உறைக்குள் போட்டு. புதன் பின்னேரம் எனக்கு வேறு ஆட்கள் இல்லை.