பட்டம் இல்லாமல் முழுநேரப் பங்கு வர்த்தகர் ஆகலாமா?

கேள்வி: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து முடித்து, ஆறு ஆண்டுகளாகக் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை செய்கிறேன். இரவில் அமெரிக்கச் சந்தையில் டிரேடிங் செய்து ஓரளவு லாபமும் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாக்க நினைக்கிறேன். "பட்டம்கூட இல்லாத உனக்கு இது சரிப்பட்டு வருமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்கு முறையான கல்வி அவசியமா?
(வாசகர், ஈசூன்)

பதில்: சொந்தப் பணத்தைக் கொண்டு சொந்தக் கணக்கில் வாங்கி விற்பவரிடம் சிங்கப்பூரில் எவரும் பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ இப்போதே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களான ஆப்ஷன், ஃபியூச்சர் போன்ற சிக்கலான பொருள்களில் இறங்குவோருக்காக நாணய ஆணையம் 2012-இல் ஒரு தகுதிச் சோதனையைக் கொண்டுவந்தது. நிதி, கணக்கியல் போன்ற துறைகளில் பட்டயமோ பட்டமோ பெற்றிருப்பது அதில் தேறும் வழிகளுள் ஒன்றுதான். அத்துறையில் வேலை பார்த்த அனுபவமோ, 3 ஆண்டுகளுக்குள் குறைந்தது 6 முறை அத்தகைய பொருள்களை வாங்கி விற்ற அனுபவமோ இருந்தாலும் தரகு நிறுவனம் ஏற்கும். எதுவும் இல்லாதவர் இணையப் பயிற்சியை முடித்துத் தேறலாம். பிறர் பணத்தை நிர்வகிக்கப் போனால்தான் உரிமமும், வங்கியின் வர்த்தகப் பிரிவில் வேலை தேடினால்தான் பட்டமும் தேவைப்படும்.

படித்தவர், படிக்காதவர் இருவரையும் சந்தை கவிழ்த்திருக்கிறது. தான் வேலை பார்த்த பிரிட்டிஷ் வங்கியான பேரிங்ஸை 1995-இல் நம் ஊரில் இருந்தபடியே வீழ்த்திய வர்த்தகர் நிக் லீசன் பல்கலைக்கழகம் போகாதவர். நட்டங்களை 88888 என்ற பிழைக் கணக்கில் மறைத்துவிட்டு, அவற்றை மீட்பதற்காகப் பந்தயத்தைப் பெருக்கிக்கொண்டே போனார். கோபே நிலநடுக்கத்தை அடுத்து ஜப்பானியச் சந்தை சரிய, நட்டம் 82 கோடி பவுண்டைத் தாண்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து, பொருளியலில் நோபல் பரிசு பெற்ற மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதியம், பெருங்கடன் வாங்கிச் செய்த வர்த்தகத்தில் சில மாதங்களுக்குள் 400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழந்தது. லீசன் விவகாரத்தில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாங்கி விற்பதும் அதற்குக் கணக்கு வைப்பதும் அங்கே ஒருவர் பொறுப்பிலேயே இருந்தன, கேட்க ஆளில்லை. வீட்டில் தனியாக வர்த்தகம் செய்யும் உங்களையும் கேட்க ஆளில்லை.

ஆகவே பட்டத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, கணக்கைப் பற்றிக் கவலைப்படுங்கள். பத்து வர்த்தகங்களில் ஆறில் வெல்பவர் கெட்டிக்காரர் என்றே நினைப்போம். வெல்லும்போது 100 வெள்ளியும் தோற்கும்போது 200 வெள்ளியும் கைமாறுகிறது என்றால், 600 வந்து 800 போகிறது, மிச்சம் 200 வெள்ளி நட்டம். உள்ளூர்ப் பங்கு ஒன்றை 2,000 வெள்ளிக்கு வாங்குகிறீர்கள், தரகுக் கட்டணம் குறைந்தபட்சம் 25 வெள்ளி என்று வையுங்கள். வாங்க ஒருமுறை, விற்க ஒருமுறை என்று 50 வெள்ளி போய்விடும். பொருள் சேவை வரியைச் சேர்க்காமலே 2.5 விழுக்காடு விலை ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். போட்ட முதலீட்டில் பாதியை இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப, மீதிப் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் இதைப் போட்டுப் பார்த்து, ஏன் வாங்கினோம், எந்த விலையில் நட்டத்தை ஏற்று வெளியேறுவோம் என்பதை வாங்கும் முன்பே எழுதிவைக்கும் பழக்கம் அரிது. நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் லாபத்தையும் இப்படிச் சோதியுங்கள். கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் போக மிஞ்சியது எவ்வளவு? அதே பணத்தை, அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை மொத்தமாகப் பின்தொடரும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு நிதியில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?

வேலையை இப்போது விட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி மத்திய சேம நிதியில் செலுத்தும் 17 விழுக்காடு, அதாவது 510 வெள்ளி, வேலையை விட்ட மாதமே நின்றுபோகும். பங்கு விற்ற லாபத்துக்கு இங்கே தனிநபர்கள் பொதுவாக வரி கட்டுவதில்லை; நல்லதுதான், ஆனால் வரிக் கணக்கில் வராத வருமானத்தைக் காட்டி வீட்டுக் கடன் வாங்குவது கடினம். அமெரிக்கச் சந்தை நமக்கு இரவு 9.30-க்கோ 10.30-க்கோதான் திறக்கிறது. பகலில் வேலையும் இரவில் வர்த்தகமுமாக, சந்தை நன்றாக விழும் காலம் ஒன்றையும் கடந்து பாருங்கள். அதன் பிறகும் கணக்கில் லாபம் நின்றால் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் டிரேடிங் பயிலரங்குக்குப் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள், சான்றிதழும் தருகிறார்களாம். சேரலாமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: வேண்டாம். அந்தச் சான்றிதழுக்குச் சந்தையிலும் மதிப்பில்லை, வேலைக்குப் போகுமிடத்திலும் மதிப்பில்லை. அடிப்படைகளைச் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் பயிற்சிப் பிரிவிலும், மணிசென்ஸ் என்ற தேசிய நிதிக் கல்வித் திட்டத்தின் இணையத்தளத்திலும், நூலகப் புத்தகங்களிலும் கற்றுக்கொள்ளலாம். பயிலரங்கு நடத்துபவர் உங்கள் பணத்தையும் வாங்கி முதலீடு செய்து தருவதாகச் சொன்னால், நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் உரிமம் பெற்றவர்களின் விவரத்தையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், படிப்பை நிறுத்திவிட்டு நாணய மாற்று வர்த்தகத்தில் முழுநேரமாக இறங்கப் போவதாகச் சொல்கிறான். பட்டம் வெறும் காகிதம் என்கிறான். எனக்குத் தூக்கமே வருவதில்லை.
(வாசகி, பொங்கோல்)

பதில்: சகோதரி, உங்கள் கலக்கம் நியாயமானது. வர்த்தகத்துக்குப் பட்டம் தேவையில்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். உங்கள் மகன் அதைக் காட்டினால், படிப்பை நிறுத்த அது காரணமாகாது என்று சொல்லுங்கள். தைவான் பங்குச் சந்தையில் 1992 முதல் 2006 வரை தினசரி வர்த்தகம் (வாங்கியதை அன்றே விற்பது) செய்தவர்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, செலவு போகத் தொடர்ந்து லாபம் ஈட்டும் திறன் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே காணப்பட்டது. இந்தியாவில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக அந்நாட்டின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கண்டறிந்தது. உங்கள் மகன் அந்தச் சிலருள் ஒருவராக இருக்கலாம். இல்லாவிட்டால் முப்பது வயதில் அவர் வேலை தேடும்போது அந்தக் காகிதம் தேவைப்படும்.

சூதாட்டம் என்று சொல்லி அவரோடு வாதாட வேண்டாம், இளைஞர்கள் அதில் பிடிவாதம்தான் பிடிப்பார்கள். தரகு நிறுவனம் அனுப்பிய கணக்கறிக்கையை ஓராண்டுக்கு முழுமையாக எடுத்து உங்களோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருடைய பணம், கடன் உண்டா என்று கேளுங்கள். நாணய மாற்று வர்த்தகத்தில் இங்கே 5 விழுக்காடு முன்பணம் வைத்து 20 மடங்கு வரை வாங்க முடியும். அப்படி முழுமடங்கும் வாங்கியவருக்கு விலை 5 விழுக்காடு எதிர்த்திசையில் நகர்ந்தாலே வைத்த பணம் முழுதும் போய்விடும். இதை அவர் அறிந்திருக்கிறாரா, அறிந்தும் எவ்வளவு மடங்கு எடுக்கிறார் என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும்.

அப்படியும் கேட்காவிட்டால், படிப்பிலிருந்து அடியோடு விலகாமல் ஒரு பருவத்துக்கு விடுப்பு எடுக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பருவத்தில் தன் சேமிப்பைக் கொண்டு மட்டும், கடன் வாங்காமல், மாதாமாதம் கணக்கை உங்களிடம் காட்டும் உடன்பாட்டோடு அவர் செய்து பார்க்கட்டும். வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.