முதல் நான்கு கலீஃபாக்கள்: கேள்வி பதில்

நபிகள் நாயகம் (ஸல்) மறைந்த பிறகு வந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: தலைவரை (கலீஃபாவை) யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நபித்தோழர் பெயர் வரும் இடமெல்லாம் (ரலி) சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி ஒருவர்: அபூபக்கர்தான் அடுத்த தலைவர் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்ததா?

இல்லை, சகோதரி. நோயுற்றிருந்தபோது தம் இடத்தில் நின்று தொழுகை நடத்தும்படி நபிகள் அவரைத்தான் சொன்னார்கள். அதை ஸுன்னிகள் ஒரு குறிப்பாகக் கொள்கிறார்கள். ஆனால் 'இவர்தான் என் வாரிசு' என்று எழுதிக் கொடுத்த ஓலை எதுவும் இல்லை.

632 ஜூன். நபிகளின் உடல் அவர்களின் மனைவி ஆயிஷாவின் அறையில் இருக்கிறது, இன்னும் அடக்கம் ஆகவில்லை. அதற்குள் மதீனாவின் உள்ளூர் முஸ்லிம்களான அன்ஸாரிகள் பனூ ஸாஇதா குலத்தாரின் பந்தலில் கூடிவிட்டார்கள். கஸ்ரஜ் குலத் தலைவர் ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்குவது அவர்கள் எண்ணம். அதைப் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. மக்காவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்கு வீடும் நிலமும் பகிர்ந்து கொடுத்தவர்கள் அவர்கள். சேதி கேட்டு அபூபக்கர், உமர், அபூஉபைதா மூவரும் ஓடினார்கள். 'எங்களில் ஒருவர், உங்களில் ஒருவர்' என்றுகூடப் பேச்சு வந்தது. நபிகளின் குலமான குறைஷிகளை அல்லாமல் வேறு யாரையும் அரபுக் குலங்கள் ஏற்காது என்றார் அபூபக்கர். உமர், அபூஉபைதா இருவரில் ஒருவரை ஏற்கச் சொன்னார். உமரோ அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத் (தலைவராக ஏற்கும் உறுதிமொழி) செய்துவிட்டார்.

பின்னாளில் உமரே மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று, அது அவசரத்தில் நடந்த காரியம், அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் காத்தான், இனி யாரும் அதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று சொன்னார். தம்மைச் சார்ந்தவரின் தேர்வைப் பற்றியே இப்படிப் பேச எவ்வளவு நேர்மை வேண்டும்!

வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்: அலீ அப்போது எங்கே இருந்தார்? அவரைத்தான் நபிகள் நியமித்தார்கள் என்கிறார் என் ஷியா நண்பர்.

நபிகளின் மருமகனான அலீ, குடும்பத்தாரோடு அவர்களின் ஜனாஸா (இறுதிச் சடங்கு) வேலையில் இருந்தார். இறுதி ஹஜ் முடிந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில், 'நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா' என்று நபிகள் சொன்னதை இரு தரப்பு நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. அந்த மவ்லா என்ற ஒரு சொல்தான் பிரச்சினை. தலைவர் என்று ஷியாக்கள் பொருள் கொள்கிறார்கள், அன்புக்குரியவர், துணைவர் என்று ஸுன்னிகள் கொள்கிறார்கள். அலீயின் பைஅத் தாமதமானதை ஸுன்னி ஹதீஸ் (நபிமொழி) நூல்களும் மறைக்கவில்லை. மனைவி ஃபாத்திமாவின் மறைவுக்குப் பிறகே செய்தார் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. உங்கள் நண்பரோடு சண்டை வேண்டாம். அவர் கட்டுக்கதை சொல்லவில்லை, அதே சொல்லை வேறு விதமாக வாசிக்கிறார்.

உமரையும் கூட்டம் கூடித்தான் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. 634-ல் மரணப் படுக்கையில் இருந்த அபூபக்கர், சிலரைக் கலந்துகொண்டு, உமரின் பெயரை எழுதிவைத்தார். எழுதியவர் உஸ்மான். 'கடுமையான ஆளாயிற்றே' என்ற ஆட்சேபம் வந்தது. 'நான் மென்மையாக இருப்பதால் அவர் கடுமையாக இருக்கிறார்' என்பது அபூபக்கரின் பதில்.

பள்ளி ஆசிரியர்: ஹிஜ்ரி ஆண்டு நபிகளின் காலத்திலேயே தொடங்கியதா?

கணக்கு, நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன 622-லிருந்து போகிறது, ஆனால் முறையாக்கியது உமர், 638 வாக்கில். தேதியில்லாமல் வரும் கடிதங்களால் ஆளுநர்கள் குழம்பினார்கள். 'ஷஅபான் என்று போட்டிருக்கிறதே, போன ஷஅபானா, இந்த ஷஅபானா?' என்ற கதைதான்.

உமருக்குப் பின் தலைவரைத் தேர்ந்தெடுத்த அந்த ஆறு பேர் குழு பற்றிச் சொல்லுங்கள்.

644-ல் ஃபஜ்ர் (அதிகாலை) தொழுகையில் அபூலுஃலுஆ என்ற அடிமை உமரைக் கத்தியால் குத்தினான். அந்த நிலையிலும் உமர் ஆறு பேரைக் குறிப்பிட்டார்: உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத் இப்னு அபீவக்காஸ், அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப். உங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார். மகன் அப்துல்லாஹ் உடன் இருக்கலாம், பதவி மட்டும் அவருக்குக் கிடையாது என்று நிபந்தனையும் போட்டார்.

அப்துர்ரஹ்மான் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'எனக்குப் பதவி வேண்டாம், தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விடுங்கள்' என்று போட்டியிலிருந்து விலகினார். இரவெல்லாம் தூங்காமல் மதீனாவில் பலரிடமும் கருத்துக் கேட்டார். கடைசியில் உஸ்மானும் அலீயும்தான் மிஞ்சினார்கள். உஸ்மானின் கையைப் பிடித்தார்.

வரலாற்று மாணவர்: இந்த நூல்களெல்லாம் நூறு, இருநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டவைதானே? அந்தக் காலத்து ஆதாரம் ஏதாவது உண்டா?

கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. விரிவான வரலாறுகள் பிற்காலத்தவைதான். மேலே சொன்ன உரையாடல்களை அதை மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. சவூதியில் அல்உலாவுக்குப் பக்கத்துப் பாறை ஒன்றில் ஸுஹைர் என்பவர், உமர் இறந்த சமயத்தில், (ஹிஜ்ரி) 24-ஆம் ஆண்டில் இதை எழுதினேன் என்று பொறித்திருக்கிறார். அரச கட்டளையில்லை, மெய்க்கீர்த்தியில்லை. வழியில் போன ஒரு மனிதன் தான் கேட்ட சாவுச் செய்தியைக் கல்லில் கீறிவைத்திருக்கிறான். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு ஒன்று ஹிஜ்ரி 22-ஐச் சேர்ந்தது. படைக்கு வாங்கிய 65 ஆடுகளுக்கான ரசீது, கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதியது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. உமர் காலத்திலேயே ஆண்டுக் கணக்கு நடைமுறையில் இருந்ததற்கு அந்த ஆட்டு ரசீதே சாட்சி.

உஸ்மானை ஏன் கொன்றார்கள்?

உறவினர்களை ஆளுநர்களாக்கினார் என்பது பெரிய குற்றச்சாட்டு. எகிப்து, கூஃபா, பஸ்ராவிலிருந்து வந்தவர்கள் வீட்டை முற்றுகையிட்டார்கள். பதவி விலக மறுத்தார். தம்மைக் காக்க வந்தவர்களிடம், எனக்காக ரத்தம் சிந்தாதீர்கள் என்றார். 656 ஜூனில், குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த எண்பது வயதை ஒட்டிய முதியவரை வெட்டினார்கள். எத்தனை தடவை படித்தாலும் மனசு ஆறாத இடம் இது.

அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் மதீனாவாசிகள் அலீயை வற்புறுத்தி கலீஃபாவாக்கினார்கள். அவருடைய ஐந்து ஆண்டும் ஜமல், ஸிஃப்ஃபீன், நஹ்ரவான் என்று உள்நாட்டுப் போரிலேயே போயிற்று.

இல்லத்தரசி ஒருவர்: நால்வரில் ஒருவர்கூட மகனுக்குப் பட்டம் கட்டவில்லையா?

இல்லை, அக்கா. 661-ல் கூஃபாவில் இப்னு முல்ஜமின் வாளால் வெட்டுப்பட்டுக் கிடந்த அலீயிடம், மகன் ஹஸனுக்கு பைஅத் செய்யலாமா என்று கேட்டபோது, 'செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்' என்றதாக ஸுன்னி நூல்களில் வருகிறது. ஷியாக்கள் ஹஸனை நியமிக்கப்பட்ட இமாமாகவே கருதுகிறார்கள். கூஃபாவாசிகள் ஹஸனை ஏற்றார்கள். சில மாதங்களில், ரத்தம் சிந்துவதைத் தவிர்க்க, அவர் ஆட்சியை சிரியாவின் ஆளுநர் முஆவியாவிடம் விட்டுக்கொடுத்தார். தாம் உயிரோடு இருக்கும்போதே மகன் யஸீதுக்கு பைஅத் வாங்கியவர் முஆவியா. 680-ல் யஸீத் ஆட்சிக்கு வந்தபோது அந்த பைஅத்தைச் செய்ய மறுத்தவர் ஹஸனின் தம்பி ஹுஸைன். அவர் கொல்லப்பட்ட கர்பலா அங்கிருந்துதான் தொடங்குகிறது.