விலை கம்ப்யூட்டரில் இருக்கிறது

கேள்வி: அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் எப்போது பார்த்தாலும் இயந்திரம் மனிதனை அடிமையாக்கிவிடும் என்றே பயமுறுத்துகிறார்கள். நானும் என் தோழிகளும் ரெக்கார்டு நோட்டு முதல் பிறந்தநாள் வாழ்த்து வரை எல்லாவற்றையும் ஏ.ஐ.யிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். எந்த இயந்திரமும் எங்களை மிரட்டவில்லை. இந்தக் கதைகளை இனி எதற்குப் படிக்க வேண்டும்?
- கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: மிரட்டாது. மிரட்ட வேண்டிய தேவையே வராது என்பதைத்தான் நல்ல அறிவியல் புனைகதை நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி தூக்கும் ரோபோவை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

1909இல் ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்று ஒரு நீள்கதை எழுதினார். வானொலி நிலையங்கள்கூட வராத காலம். பூமிக்கு அடியில், தேன்கூட்டின் கண் போன்ற அறையில் ஆளுக்கொருவராகத் தனியே வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு வரும், பாட்டு வரும், குளிக்க வெந்நீர் வரும். உலகின் மறுகோடியில் இருக்கும் மகன், நேரில் வந்து என்னைப் பார் என்று தாயைக் கெஞ்சுகிறான். அவளுக்கு அது விளங்கவே இல்லை. இதோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், இன்னும் என்ன வேண்டும் இவனுக்கு? கடைசியில் ஆகாயக் கப்பலில் கிளம்புகிறாள். வழியில் தடுமாறியவளைப் பணிப்பெண் கை நீட்டித் தாங்குகிறாள். விழாமல் பிடித்தாளே என்றல்ல, தொட்டுவிட்டாளே என்று கொதிக்கிறாள் அந்தத் தாய்.

பிறகு இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. பாட்டில் கரகரப்பு, குளியல் தண்ணீரில் நாற்றம். முதலில் புகார் சொல்கிறார்கள், அப்புறம் பழகிக்கொள்கிறார்கள். பழுது பார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது என்ற செய்தி ஒருநாள் வருகிறது. முழு இயந்திரத்தையும் அறிந்த ஒரு ஆள்கூட மிச்சமில்லை. கல்லூரி நாளில் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அந்தக் கதையில் யாரையும் யாரும் அடிமைப்படுத்தவில்லை. கையில் இருந்ததை ஒவ்வொன்றாக அவர்களேதான் கொடுத்தார்கள்.

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கிட்டத்தட்ட அதே பொருள்தான். அந்த நாடகத்தில் ரோபோக்கள் கலகம் செய்வது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கலகத்துக்கு முன்பே மனிதர்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோவதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் நாடகத்தின் உயிர்.

நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். மனிதர்களின் பெயர்கூட இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்ட நாட்டில், ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது. மனிதர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கதை என்பீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குள் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. மறுநாள் காலை மெழுகுவர்த்தியும் பால் பவுடரும் வாங்க, தெருமுனை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது, உள்ளே அலமாரி நிறையச் சரக்கு. வாசலில் நின்ற பையன், "விலை கம்ப்யூட்டர்லதான் சார் இருக்கு" என்றான். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறதே என்று காட்டினேன். "பில் போடாம எப்படிக் குடுக்கறதுன்னு தெரியாது சார்." நல்ல பையன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எதிர்ச்சாரியில் அண்ணாச்சி கடை திறந்திருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கிழித்த சிகரெட் அட்டையில் கூட்டிப் போட்டார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு இரண்டாயிரம் ரூபாய்த் தாள். "அப்புறம் குடுங்க" என்று நீள நோட்டில் குறித்துக்கொண்டார். பெயர் தெரியாததால் 'பத்திரிகைக்காரர்' என்று எழுதினார். ஆளை அவருக்குத் தெரியும், அது போதுமாக இருந்தது. அன்று அந்தத் தெருவில் ஃபார்ஸ்டரின் கதையை நான் இரண்டாம் முறை படித்தேன்.

செயற்கை நுண்ணறிவு இந்த விஷயத்தை இன்னும் உள்ளே கொண்டுபோகிறது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்ததையே புரட்டிப் போட்டுத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை மாதக்கணக்கில் உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்த அம்மாளே எலைசாவுடன் கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மனதைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது யாரும் அப்படித்தான் செய்வோம்.

பிறந்தநாள் வாழ்த்து என்று எழுதினீர்களே, என்னை உறுத்துவது அதுதான். ரெக்கார்டு நோட்டுக்கு உங்கள் பேராசிரியர் கவலைப்படட்டும். 'என் பாட்டி' என்று எங்கள் பத்திரிகை ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. வந்ததில் பாதிக்குமேல் ஒரே பாட்டி. சுருக்கம் விழுந்த கை, அன்பு ததும்பும் கண்கள், பிழையில்லாத வாக்கியங்கள். ஒரு பெண் மட்டும் கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதியிருந்தாள். அவள் பாட்டி தினமும் காலையில் ஆவின் பால் கவரைக் கழுவி, கொடியில் ஒரு க்ளிப்புக்கு இரண்டு என்று காயப்போடுவாளாம். மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டு, வந்த காசைப் பேத்தி கையில் தருவாளாம். பாட்டி போன பிறகும் மூன்று நாள் அந்தக் கவர்கள் கொடியில் கிடந்தன என்று முடித்திருந்தாள். இதை எந்த நிரலும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கொடியை அது பார்க்கவில்லை. பரிசு அவளுக்குத்தான். ஒற்றுப் பிழைகள் பதினொன்று இருந்தன, திருத்திப் போட்டோம்.

'எந்த இயந்திரமும் எங்களை மிரட்டவில்லை' என்ற வரி உங்களுடையது என்று நம்புகிறேன். அதில் ஒரு ஆள் தெரிகிறார். ஃபார்ஸ்டரின் கதையைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். கையாலேயே எழுதுங்கள். ஒற்றுப் பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.