எக்ஸ்ட்ரா பட்டை போட்ட பிக்கப் காலியாக ஓடும்போது தூக்கிப் போடுகிறது, என்ன செய்யலாம்?

லோடு தாங்கட்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் 2 பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வளைந்த எஃகுத் தகடு, சேர்த்திருக்கிறீர்கள். இப்போது வண்டி காலியாகப் போனால் குதிக்கிறது, ஷாக் அப்சார்பரை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் டயர் காற்று. லோடுக்கு ஏற்றிய காற்றோடு காலியாக ஓட்டினால் எந்த வண்டியும் குதிக்கும். கம்பெனி சொல்லும் அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு இருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

அடுத்து பட்டை. 4 பட்டையோடு அதே நீளத்தில், அதே கனத்தில் 2 சேர்த்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. தினமும் முழு லோடு இல்லையென்றால் ஒன்றையாவது கழற்றிவிடுங்கள். மற்றவற்றைத் துரு போகத் தேய்த்து கிராஃபைட் கிரீஸ் தடவினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சின்னக் குழியின் அதிர்வு கேபினுக்குள் குறையும்.

பலரும் கோட்டைவிடுவது புஷ்ஷில்தான், அதாவது ஸ்பிரிங்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் உருளையில். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். வண்டி விறைக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகு முறுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் அப்புறம் ஷாக் அப்சார்பர். பட்டை சேர்த்ததில் வண்டி உயர்ந்திருந்தால் பழைய ஷாக்கின் நீளம் போதாது. சக்கரம் குழியில் இறங்கும்போது முழுக்க நீண்டு 'டம்' என்று இடிக்கும். புதிய உயரத்துக்கும் விறைப்புக்கும் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள்.