கர்ப்பிணிகளுக்கு ஹெர்பிஸ் பரிசோதனை: வாசகர் கேள்விகள்

கே: எங்களுடையது வசதி குறைந்த சிறிய மருத்துவமனை. வரும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஹெர்பிஸ் (பிறப்புறுப்பிலோ உதட்டிலோ கொப்புளம், புண் உண்டாக்கும் வைரஸ் தொற்று) ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

ப: வேண்டாம். பணம் இருக்கிற இடத்திலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் சொன்னது; 2023இலும் அதையே உறுதி செய்தது.

காரணம் இதுதான். குழந்தைக்குப் பெரிய ஆபத்து, பிரசவம் நெருங்கும் நேரத்தில் முதன்முறையாகத் தொற்றுகிற ஹெர்பிஸ். அப்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பல வருடங்களாக ஹெர்பிஸ் உள்ள தாயிடமிருந்து பரவுவது மிகக் குறைவு, ஏனென்றால் அவளுடைய எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் ரத்தம் எடுத்தால் யாருக்கு ‘பாசிட்டிவ்’ வரும்? ஆபத்து குறைந்த இந்தப் பழைய நோயாளிக்கு! கடைசி மாதங்களில் தொற்றப்போகிறவள் ‘நெகட்டிவ்’ சீட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். போதாததற்குப் பொய்யான பாசிட்டிவ்களும் வரும், அதனால் வீட்டில் சந்தேகமும் சண்டையும்.

அந்தப் பணத்தில் சிபிலிஸ் (ஒரு பால்வினை நோய்), எச்ஐவி பரிசோதனைகள் ஒருவருக்கும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிபிலிஸைக் கண்டுபிடித்துப் பென்சிலின் ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும்.

கே: ‘டார்ச்’ பரிசோதனையில் (கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ஹெர்பிஸ் ஐஜிஎம் (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். கருவைக் கலைக்க வேண்டுமா?

ப: கூடாது. ஐஜிஎம்மை வைத்துப் புதுத் தொற்றா பழையதா என்று சொல்லவே முடியாது. இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பதை டாக்டர்களாகிய நாங்கள் நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும்.

கே: சரி, ரத்தப் பரிசோதனை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கேட்டும் பார்த்தும்தான். உங்களுக்கோ கணவருக்கோ அந்த இடத்தில் கொப்புளம், புண் வந்ததுண்டா என்று கேளுங்கள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் உண்மை வரும். கணவருக்கு மட்டும் இருந்தால் கடைசி மூன்று மாதம் வாய்வழி உட்பட உடலுறவு வேண்டாம். அவளுக்கே இருந்தால் 36ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை அசைக்ளோவிர் (ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான மருந்து) 400 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. பெரிய செலவில்லை.

அப்புறம், வலி வந்து சேர்ந்ததும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணோ, புண் வருவதற்கு முந்தைய எரிச்சலோ இருந்தால் சிசேரியன். அது இல்லாத இடமென்றால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பனிக்குடத்தை நீங்களாக உடைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில தவறிப்போகும், பல தாய்மார்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அதனால் முதல் ஆறு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, கொப்புளம் வந்தாலோ ஹெர்பிஸையும் நினையுங்கள். கொப்புளம் இல்லாமலும் வரும். சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிரை நரம்பு வழியே தொடங்க வேண்டும்.

கே: தாய்ப்பால் கொடுக்கலாமா?

ப: தாராளமாக. மார்பில் புண் இருந்தால் ஆறும்வரை அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். உதட்டில் கொப்புளம் உள்ள யாரும் குழந்தையை முத்தமிடக் கூடாது, தாத்தா பாட்டி உட்பட.