ஃப்ரேம் பழசு, ஆங்கிள் மட்டும் புதுசா வேணும்: மவுண்டன் பைக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னோடது பழைய 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் பைக், ஹெட் ஆங்கிள் (முன்வீலைப் பிடிக்கிற ஃபோர்க் தரையோட சாயுற கோணம்) 67.5 டிகிரி. செங்குத்தான இறக்கத்துல தலைகுப்புற போயிடுவேனோன்னு கை நடுங்குது. புது பைக் வாங்க இப்ப வழியில்ல. 20 மில்லிமீட்டர் நீளமான ஃபோர்க் போட்டா சரியாகுமா?

பதில்: ஆங்கிள் குறையும் தம்பி, ஆனா அதோட வேண்டாத மூணு விஷயமும் சேர்ந்து வரும். 20 மிமீ ஃபோர்க் நீளமானா முன்பக்கம் சுமார் 18 மிமீ உயரும், வீல்பேஸ் (ரெண்டு வீல் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கிற தூரம்) 1200 மிமீன்னு வச்சுக்கிட்டா ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு கொஞ்சம் கம்மியா படுக்கும், அது வரைக்கும் நல்லது. ஆனா ஃபோர்க் மட்டும் சாயல, மொத்த ஃப்ரேமும் பின் ஆக்சிலை வச்சு பின்னாடி சாயுது, அதனால சீட் ஆங்கிளும் அதே அளவு படுத்துடும், பாட்டம் பிராக்கெட் (பெடல் கையான கிராங்க் சுத்துற நடு அச்சு) 6, 7 மிமீ மேல ஏறும், ரீச் (அந்த அச்சுல இருந்து ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் நுழையிற முன்குழாயோட மேல்முனை வரைக்கும் படுக்கைவாட்டு தூரம்) 9 மிமீ கிட்ட குறையும். இறக்கத்துல கிடைச்ச தைரியத்தை ஏத்தத்துல முன்வீல் அலைபாய்ஞ்சு பிடுங்கிக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இவ்வளவு நீள ஃபோர்க்தான் தாங்கும்னு கம்பெனி ஒரு அளவு கொடுத்திருப்பாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் தாண்டாதீங்க, ஹெட் டியூப் வெல்டிங்தான் அந்த அடியெல்லாம் வாங்குற இடம்.

உங்களுக்கு நான் சொல்றது ஆங்கிள் ஹெட்செட். ஹெட்செட்னா ஃபோர்க் திரும்புறதுக்கு ஹெட் டியூப்ல மேலயும் கீழயும் மாட்டுற கப்பும் பேரிங்கும். கப்புக்குள்ள பேரிங் உட்கார்ற இடத்தையே சாய்வா செஞ்சிருப்பாங்க, ஒர்க்ஸ் காம்பொனன்ட்ஸ் மாதிரி கம்பெனிகள்ல 2 டிகிரி வரைக்கும் இருக்கு. பாட்டம் பிராக்கெட் ஏறாது, சொல்லப்போனா முன்பக்கம் ஒரு சில மிமீ இறங்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஹெட் டியூபோட உள்விட்டத்தை மேலயும் கீழயும் தனித்தனியா அளந்து வச்சுக்கோங்க, பேரிங் நேரா ஃப்ரேம்லயே உட்கார்ற மாதிரி இருந்தா கிடைக்கிற பார்ட்ஸ் ரொம்ப கம்மி.

மாட்டும்போதுதான் நிதானம் வேணும். மேல் கப்பும் கீழ் கப்பும் ஒரே கோட்டுல இருக்கணும். முதல் தடவை நான் கண்ணளவுல அடிச்சு இறக்கினேன், கீழ் கப் ஒரு நூல் திரும்பிடுச்சு, பேரிங் ரெண்டும் ஒண்ணையொண்ணு முறுக்கி ஹேண்டில் திருப்பும்போது ஒரு இடத்துல இறுகி இறுகி விட்டுச்சு, கழட்டி மறுபடி போட வேண்டியதாச்சு. இப்பல்லாம் டவுன் டியூப் (ஹெட் டியூப்ல இருந்து கிராங்க் வரைக்கும் இறங்குற குழாய்) நடுக்கோட்டுல இருந்து ஹெட் டியூப் மேல வரைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சில்ல கோடு போட்டு, கப்ல இருக்கிற குறியை அந்த கோட்டுக்கு நேரா வச்ச பிறகுதான் கப்பை அமுக்கி இறக்குற பிரஸ்ஸை முறுக்குவேன்.

மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்துடுங்க. சமதரையில பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, போனை முதல்ல தரையில வச்சு ஜீரோ பண்ணிட்டு ஃபோர்க்கோட மேல் குழாய்ல ஒட்டினாப்ல வச்சா ஆங்கிள் தெரியும். கிராங்க் நடுவுல இருந்து தரை வரைக்கும் டேப்ல அளந்து எழுதி வைங்க.

கேள்வி: முன்னாடி 29, பின்னாடி 27.5 வீல் போட்டா என்ன ஆகும்? ஃப்ரேம் ரெண்டு பக்கமும் 29க்கு செஞ்சது.

பதில்: ரெண்டு ரிம்முக்கும் விட்டம் 622, 584 மிமீ, அதாவது ஒரே அளவு டயர் போட்டா பின்பக்கம் 19 மிமீ இறங்கும். ஹெட் ஆங்கிள் 0.9 டிகிரி படுக்கும், பாட்டம் பிராக்கெட் 12 மிமீ கீழ வரும், அந்த 12தான் எனக்கு கவலை. கல்லு நிறைஞ்ச பாதையில பெடல் அடிச்சுக்கிட்டே இருக்கும், 175 மிமீ கிராங்க் இருந்தா 165க்கு மாறுங்க, 10 மிமீ திரும்ப கிடைக்கும். சீட்டும் பின்னாடி சாயும்ல, அதை அடியில இருக்கிற ரெயில் கம்பியில முன்னாடி தள்ளிக்கோங்க.

கேள்வி: ஆஃப்செட் புஷிங் சின்ன பார்ட்தானே, தைரியமா போடலாமா?

பதில்: ஷாக்கோட முனையில போல்ட் போற சின்ன வளையம்தான் புஷிங், இதுல ஓட்டையை நடுவுல போடாம ஓரமா போட்டிருப்பாங்க, அவ்வளவுதான், ஷாக்கை சின்னதாக்கின மாதிரி ஆயிடும். ரெண்டு பக்கமும் சேர்த்து 5 மிமீ குறைஞ்சு, லீவரேஜ் (ஷாக் 1 மிமீ அமுங்கினா பின்வீல் எத்தனை மிமீ நகருதுங்கிற கணக்கு) 2.5ன்னா பின்பக்கம் 12 மிமீ கிட்ட இறங்கும், ஆங்கிள் அரை டிகிரிக்கு மேல மாறும். ஆனா ஷாக் முழுசா அமுங்கும்போது டயரும் முன்ன விட மேல ஏறி வரும். அதனால ஓட்டுறதுக்கு முன்னாடி ஷாக்ல காத்தை எல்லாம் இறக்கிட்டு, சீட்டை பிடிச்சு அடிவரைக்கும் அமுக்கி, டயருக்கும் சீட் டியூபுக்கும் நடுவுல உங்க விரல் போகுதான்னு பாருங்க, காயில் ஷாக்னா ஸ்பிரிங்கை கழட்டிட்டு பாக்கணும். விரல் போகலன்னா புஷிங்கை கழட்டிடுங்க, வேற பேச்சே இல்ல.

கேள்வி: ஸ்டெம்முக்கு (ஹேண்டிலை ஃபோர்க்கோட பிடிக்கிற துண்டு) கீழ இருக்கிற ஸ்பேசர் வளையத்தை மேல மாத்தினா வித்தியாசம் தெரியுமா அண்ணா?

பதில்: தெரியும். 10 மிமீ ஸ்பேசரை மேல போட்டா ஹேண்டில் 9 மிமீ இறங்கி 4 மிமீ முன்னாடி போகும். செலவே இல்ல, முதல்ல இதை செஞ்சு ரெண்டு வாரம் ஓட்டிட்டு எழுதுங்க.